ஒலிவெண்ணெயில் உணவைக் காத்தல்

சென்ற கோடை விடுமுறையில் எம் இல்லத்துச் சமையலறையில் ஒரு கண்ணாடிச் சாடி இருந்தது. உரித்த வெள்ளைப்பூண்டுப் பற்களை அதில் நிறைத்து, அவை மூழ்கும்படி ஒலிவெண்ணெய் வார்த்து, மூடியை இறுக்கி, அலமாரியில் வைத்திருந்தோம். பத்து நாள் கழிந்தும் பூண்டின் வெண்மை மாறவில்லை, மணமும் கெடவில்லை. அதனை எடுத்துச் சமைக்கப் புகுந்த வேளையில், இத்தாலியாவில் சில ஆண்டு பயின்று மீண்ட நண்பர் ஒருவர் கண்டு, "இதை நாவில் வைத்துப் பார்க்கவும் வேண்டா" என்று தடுத்தார். காரணம் கேட்டறிந்தபின் சாடியோடு அப்புறப்படுத்தினோம். அன்று யாம் கற்றதையும், பின்னர்ப் படித்துத் தெரிந்துகொண்டதையும் ஈண்டு எழுதுகின்றோம். ஒலிவெண்ணெய் இப்பொழுது நம் நகரத்துக் கடைகளிலும் எளிதிற் கிடைப்பதால், இஃது அயல்நாட்டார்க்கு மட்டும் உரிய செய்தியன்று.

ஒலிவமரம் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் செல்வம். வேத புத்தகத்தைத் தமிழிற் படித்தவர்க்கு அப்பெயர் புதிதன்று. அந்நாடுகளில் கோடையில் மிகுதியாய் விளையும் காய்கறிகளை மாரிக்காலத்திற்கென எண்ணெயில் இட்டு வைக்கும் வழக்கம் மிகப் பழமையானது. தென் இத்தாலியிலும் சிசிலித் தீவிலும் கத்தரிக்காய், உலர்த்திய தக்காளி, காளான் ஆகியன சாடிகளில் நிறைந்திருப்பதைக் காணலாம். லெபனான், சிரியா நாட்டார் உறைதயிரைத் துணியிற் கட்டி நீர் வடித்து, உப்பிட்டு, சிறு உருண்டைகளாக உருட்டி ஒலிவெண்ணெயில் மூழ்க வைப்பர். சிறு கத்தரிக்காய்களை வேகவைத்து, அழுத்தி நீரகற்றி, வாதுமைக்கொட்டையும் சிவந்த மிளகாயும் பூண்டும் உப்பும் அடைத்து எண்ணெயில் இடுவதும் அவர்தம் வழக்கமே. அதற்கு மக்தூஸ் என்று பெயர்.

இவற்றையெல்லாம் காண்போர், எண்ணெய்தான் உணவைக் காக்கின்றது என முடிவு செய்வது இயல்பு. அம்முடிவு பாதியளவே உண்மை. எண்ணெய் செய்வது யாதெனில், காற்றைத் தடுப்பதே. காற்றிலுள்ள பிராணவாயு இன்றிப் பூசணம் வளராது. உணவை அழுகச் செய்யும் கிருமிகளுட் பலவும் பெருகமாட்டா. ஆனால் எண்ணெய் அவற்றைக் கொல்வதில்லை. எண்ணெயில் நீர் இல்லாமையால் எண்ணெயினுள்ளே கிருமி வளராது என்பது மெய். அதனுள் மூழ்கிய பூண்டினுள்ளும் கத்தரிக்காயினுள்ளும் நீர் இருக்கின்றதே! அங்கு வளர்தற்குத் தடை யாது?

காற்றில்லாத இடத்தையே விரும்பி வாழும் நுண்ணுயிர் ஒன்று உண்டு. அதன் பெயர் க்ளாஸ்ட்ரீடியம் பொடுலினம். 1895-ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டில் எல்லெசெல் என்னும் சிற்றூரில், ஈமச் சடங்கிற்கு வந்த இசைவாணர் சிலர் உப்பிட்ட பன்றித்தொடை இறைச்சியை உண்டு நோயுற்றனர், மூவர் மாண்டனர். அவ்விறைச்சியை ஆராய்ந்த எமில் வான் எர்மெங்கெம் என்னும் அறிஞர் இந்நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்னரே, கவிஞரும் மருத்துவருமாகிய யுஸ்டினுஸ் கெர்னர் ஜெர்மனியில் இந்நோயைக் குறித்து விரிவாக எழுதியிருந்தார். ஆங்கு நஞ்சானது குடலில் அடைத்த இறைச்சியில் தோன்றியமையால், அதற்குரிய இலத்தீன் சொல்லே நோயின் பெயருக்கும் வேராயிற்று.

இவ்வுயிர் மண்ணில் எங்கும் வித்துருவாய் உறங்கிக் கிடக்கின்றது. மண்ணுக்குள் விளையும் பூண்டில் அது ஒட்டியிருத்தல் வியப்பன்று. அவ்வித்துக்களை நாம் நாடோறும் உண்டும் வளர்ந்தோர்க்குத் தீங்கு நேர்வது அரிது. அவை முளைத்துப் பெருகும்பொழுது வெளியிடும் நஞ்சே கொடியது. முளைப்பதற்குக் காற்றின்மை, ஈரம், மிதமான வெப்பம், புளிப்புக் குறைவு ஆகிய நான்கும் ஒருங்கே வேண்டும். எம் அலமாரிச் சாடியில் இந்நான்கும் இருந்தன. எண்ணெய் வார்த்து முதலாவதை நல்கியவர் யாமே.

நீரைக் கொதிக்கவைத்தால் வித்து அழியாதோ எனின், சென்டிகிரேட் 100 பாகை வெப்பத்தில் அவை பல மணி நேரமும் தாங்கி நிற்கும். ஆவியை அடைத்து அழுத்திப் பெறும் 121 பாகை வெப்பத்தில் மூன்று நிமிஷம் இருந்தால்தான் அழியும்; எண்ணெய் சூழ்ந்திருப்பின் இன்னும் மிகுதியாக வேண்டும். ஆகவே வீட்டில் சாடியை மூடி வெந்நீரில் வேகவைப்பது வீண் நம்பிக்கையையே தரும். நஞ்சு அழிவது எளிது. 85 பாகை வெப்பத்தில் ஐந்து நிமிஷம் போதும். ஆயினும் ரொட்டியிலும் பச்சைக் காய்கறியிலும் சேர்த்து உண்ணும் பண்டத்தைக் காய்ச்சுவார் யார்?

இந்நோயில் காய்ச்சல் இராது, அறிவும் மயங்காது. பெரும்பாலும் 12 மணி முதல் 36 மணிக்குள் பார்வை இரட்டையாகும், இமைகள் தொங்கும், வாய் உலரும், விழுங்கவும் பேசவும் இயலாதாகும். பின் தளர்ச்சி மேலிருந்து கீழ்நோக்கிப் பரவி மூச்சுவிடும் தசைகளைப் பற்றும். நஞ்சுமுறி மருந்தும் மூச்சுக்கருவியும் காலத்தில் கிடைப்பின் உயிர் பிழைக்கும்; தேறுவதற்கோ பல வாரமோ மாதமோ செல்லும். 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரத்து உணவகம் ஒன்றில் உண்ட 36 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். எண்ணெயில் இட்ட நறுக்கிய பூண்டைக் குளிர்ப்பெட்டியில் வையாது விட்டமையே காரணம். 1989-இல் நியூயார்க் மாகாணத்துக் கிங்ஸ்டன் ஊரில், ஒலிவெண்ணெயில் இட்ட பூண்டினால் மூவர் நோயுற்றனர். அதன்பின் விற்பனைக்குரிய இத்தகைய பண்டங்களிற் புளிப்புப் பொருள் சேர்த்தல் வேண்டும் என்று அமெரிக்க அரசாங்கம் விதித்தது.

அங்ஙனமாயின் இத்தாலிய மூதாட்டியர் எவ்வாறு இத்தனை காலம் உண்டு வாழ்ந்தனர்? அவர்கள் எண்ணெயை மட்டும் நம்பவில்லை. கத்தரிக்காயைத் தோல் சீவி, நீளமாக அரிந்து, உப்புத் தூவிப் பாரம் ஏற்றி ஓர் இரவு வைப்பர். கரிய நீர் வடிந்தபின் பிழிந்து, காடியும் நீரும் கலந்து கொதிப்பதில் சில நிமிஷம் வேகவைப்பர். மறுபடியும் துணியிற் பரப்பி உலர்த்திப் பிழிவர். இவ்வளவும் முடிந்த பின்னரே சாடியில் அழுத்தி, காற்றுக் குமிழிகளைக் கத்தி நுனியால் வெளியேற்றி, மேலே விரற்கடை உயரம் எண்ணெய் நிற்குமாறு வார்ப்பர். மறுநாள் காய் எண்ணெயை உறிஞ்சித் தலைகாட்டினால் மீண்டும் நிரப்புவர். நம் நெத்தலிக்கு இனமான மீனையும் முதலிற் பல வாரம் உப்பில் அடுக்கி, ஈரம் வற்றச்செய்த பின்னரே எண்ணெயில் இடுவர். உப்பும் காடியும் வெயிலும் காவல் செய்கின்றன. எண்ணெய் கதவை மட்டும் சாத்துகின்றது. ஆயினும் இம்முறையில் ஒரு படியைச் சுருக்கியவர் இல்லங்களில் இடர் நேர்ந்ததுண்டு. ஐரோப்பாவில் இந்நோய் மிகுதியாகக் காணப்படும் நாடுகளுள் இத்தாலியும் ஒன்று. வீட்டிற் செய்த காய்கறிச் சாடிகளே அதற்குப் பெருங்காரணம்.

நம் ஊறுகாயும் இவ்வாறே என்பதை இங்கு நினைவு கூரலாம். மாங்காய்க்கும் எலுமிச்சைக்கும் இயற்கையிலேயே புளிப்பு உண்டு. உப்பும் தாராளமாய்ப் படுகின்றது. நல்லெண்ணெய் இறுதியில்தான் வருகின்றது. பூண்டு ஊறுகாய்க்குப் புளியோ எலுமிச்சைச் சாறோ சேர்க்கும் பாட்டிமார், பி.எச். என்னும் அளவையை அறிந்தாரல்லர். அவ்வளவை 4.6-க்குக் கீழ் இருப்பின் அந்நுண்ணுயிர் முளையாது. பூண்டின் அளவை 6-ஐ ஒட்டியது.

பூண்டையே ஒலிவெண்ணெயில் வைக்க விரும்புவார்க்கு வழி உண்டு. கால் அங்குலத்திற்கு மிகாமல் நறுக்குக. கடைகளில் எலுமிச்சை உப்பென விற்கும் சிட்ரிக் அமிலத்தை 100 பங்கில் 3 பங்காக நீரிற் கரைத்து, பூண்டின் எடைக்கு மூன்று மடங்கு எடுத்து, அதில் ஒரு நாள் முழுதும் ஊறவைக்க. பின்னர் வடித்து எண்ணெயில் இடுக. புளிப்பு எண்ணெயிற் கரைந்து உட்செல்லாது. ஆதலின் ஊறவைத்தல் முன்னரே நிகழவேண்டும். எண்ணெய் வார்த்தபின் மேலே எலுமிச்சை பிழிவது பயனற்றது. இவ்வாறு செய்யாத பூண்டெண்ணெயைக் குளிர்ப்பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் செலவிடுக. எஞ்சினால் உறையச்செய்து வைக்கலாம்.

குளிரில் ஒலிவெண்ணெய் கலங்கி வெண்மையாய் உறைவதைக் கண்டு சிலர் கெட்டதென்று கொட்டிவிடுகின்றனர். அது கெடுதியன்று, மேசைமேற் சற்று நேரம் வைத்தால் பழையபடி தெளியும். கெட்ட எண்ணெய்க்குச் சிக்கு வாடை உண்டு. நஞ்சு தோய்ந்த பூண்டிற்கோ, எம் சாடியிற் கண்டவாறே, வாடை வேற்றுமை இல்லாதிருத்தலும் கூடும்.