தோட்டா எங்கே நிற்க வேண்டும்?

நெய்வேலியில் வெடிச்சத்தம் யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. பழுப்பு நிலக்கரியின் மேல் கிடக்கும் கடலூர் மணற்பாறை பல இடங்களில் இறுகிக் கிடப்பதால், பக்கெட் வீல் இயந்திரம் பல்லைப் பதிக்கும் முன் துளை போட்டு வெடிவைத்துத் தளர்த்துகிறார்கள். சுரங்க வெடிமருந்தில் வினை விநாடிக்குச் சில ஆயிரம் மீட்டர் வேகத்தில் பரவும். நகர்ந்துகொள்ள நேரம் கிடைக்காத பாறை நொறுங்கிவிடும்.

துப்பாக்கித் தோட்டாவுக்குள் இருக்கும் மருந்துக்கு இந்த வேகம் ஆகாது. குழலே சிதறிவிடும். அது மேற்பரப்பிலிருந்து உள்நோக்கிப் படிப்படியாக எரிய வேண்டும்; பிறக்கும் வாயு குண்டைக் குழலின் கடைசிவரை தள்ளிக்கொண்டே போக வேண்டும். நீலகிரியின் அருவங்காட்டில் இருக்கும் கார்டைட் தொழிற்சாலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து செய்துவருவது இந்த எரியும் வகை மருந்தைத்தான். பன்றிக்கு வைக்கும் ‘அவுட்டுக்காய்’ என்னும் நாட்டுவெடி யானையின் வாயையும் மாட்டின் வாயையும் கிழித்துவிடும்; துப்பாக்கிக் குண்டோ ஒரு புள்ளியில் போய்த் தைக்கும்.

சட்டம் விட்டுவைத்த கேள்வி

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் மானைச் சுடுவது குற்றம். ஆகவே ‘மானுக்கு எந்தத் தோட்டா?’ என்ற கேள்வி இங்கே வரலாறாகிவிட்டது. ஆனால் வயலை உழுதுபோடும் காட்டுப்பன்றி அந்தக் கேள்வியை வேறு வடிவில் திரும்பக் கொண்டுவந்திருக்கிறது. கேரளத்தில் 2022 முதல், உள்ளாட்சித் தலைவர்களின் அனுமதியோடு உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்கள் பன்றியைச் சுடலாம். தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழியை எடுத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் வரும் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ. தாண்டி வந்தால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஊழியர்கள் மட்டும் சுடலாம்.

காட்டைவிட்டு 3 கி.மீ. தாண்டினால் வருவது ஊர். வரப்பில் ஆள் நடக்கும், கொல்லையில் மாடு மேயும். தோட்டாத் தேர்வின் இயற்பியல் அங்கேதான் கடுமையாகிறது.

மூன்று தோட்டாக்கள், ஒரு கணக்கு

ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள்: பித்தளை உறை, அடியில் கேப், உள்ளே மருந்து, முனையில் குண்டு. குண்டின் எடையும் வேகமும் தெரிந்தால் மீதியைக் கணக்கிட்டுவிடலாம். இந்திய வேட்டை வரலாற்றில் இடம்பெற்ற இரண்டு தோட்டாக்களையும், உலகெங்கும் மான் வேட்டையில் புழங்கும் ஒன்றையும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது .315. இது பிறந்ததே ஓர் அச்சத்தில். ராணுவத்தின் .303 தோட்டாக்கள் வெளியார் கைக்குப் போய்விடக்கூடாது என்று ஆங்கிலேய அரசு அந்த அளவைக் குடிமக்களுக்குத் தடை செய்தது; .303 இன்றும் தடைசெய்யப்பட்ட அளவுதான். இதே காரணத்துக்காக 1907 வாக்கில் .450 அளவும் தடைக்குள் வர, லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் .470, .465 என்று புதிய அளவுகளை உருவாக்கின. .303க்கு மாற்றாக இங்கே நிலைத்தது ஆஸ்திரியாவின் பழைய 8 மி.மீ. மான்லிக்கர் வழிவந்த .315. ரைஃபிள் வங்காளத்தின் இஷாப்பூரிலும் தோட்டா புனே அருகே கட்கியிலும் தயாராகின. அசல் மான்லிக்கர் அளவில் குண்டு 15.8 கிராம், வேகம் விநாடிக்குச் சுமார் 620 மீட்டர்.

இரண்டாவது .275 ரிக்பி. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907இல் வீழ்த்திய ஜிம் கார்பெட்டுக்கு ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹெவெட் பரிசளித்த ரைஃபிள் இந்த அளவு. ஜெர்மானிய 7 மி.மீ. மவுசர் தோட்டாவின் ஆங்கிலப் பெயர் இது. குண்டு 9.1 கிராம், வேகம் சுமார் 830 மீட்டர். மூன்றாவது, அமெரிக்க ராணுவம் 1906இல் ஏற்ற .30-06. அதன் வழக்கமான வேட்டைக் குண்டு 11.7 கிராம்; வேகம் சுமார் 820 மீட்டர்.

இயக்க ஆற்றல் என்பது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. .315க்கு ஏறத்தாழ 3,000 ஜூல், .275க்கு 3,100 ஜூல், .30-06க்கு 3,900 ஜூல் வருகிறது. சின்னக் குண்டு பெரிய குண்டோடு சமமாக நிற்பதற்குக் காரணம், வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காவதுதான்.

தோள் இந்தக் கணக்கை வேறுவிதமாகப் போடும். துப்பாக்கி தோளில் உதைக்கும் பின்னடி, உந்தத்தைப் பொறுத்தது. உந்தம் எடையை வேகத்தால் பெருக்கினால் வருவது, அங்கே வர்க்கம் கிடையாது. குண்டின் பங்கை மட்டும் பார்த்தால் .315க்கு 9.8, .30-06க்கு 9.6, .275க்கு 7.6 அலகு. .315 கொடுக்கும் ஆற்றலை .275 ஏறக்குறைய கால்பங்கு குறைவான உதையில் கொடுத்துவிடுகிறது. உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் நேரத்தில் கண்ணை மூடுகிறவர் கையில் எந்த ஆற்றலும் வீண்தான். காயம்பட்ட விலங்கு புதருக்குள் ஓடி நாள்கணக்கில் துடிக்கும். பழைய வேட்டைக்காரர்கள் மெலிந்த தோட்டாவை நல்ல இடத்தில் வைக்கச் சொன்னதற்கு இதுவே காரணம்.

ஈர்ப்பு விசை எல்லாக் குண்டையும் ஒரே மாதிரி கீழே இழுக்கிறது. வேறுபடுவது வழியில் கழியும் நேரம். 100 மீட்டர் போவதற்குள் .315 குண்டு குழலின் நேர்கோட்டிலிருந்து சுமார் 14 செ.மீ. இறங்கும், .30-06 குண்டு 8 செ.மீ. தூரம் கூடக் கூட இடைவெளி வேகமாக விரியும். அந்தி மங்கலில் தூரத்தைத் தப்பாக மதித்தால் மெதுவான குண்டு அதிகமாகத் தண்டிக்கும்.

குண்டின் மூக்கு

ஆற்றல் குண்டில் இருந்தால் போதாது, விலங்குக்குள் இறங்க வேண்டும். முழுதும் செம்புக் கவசம் போட்ட ராணுவக் குண்டு ஊசி போல மறுபுறம் போய்விடும். மூக்கில் ஈயம் வெளியே தெரியும் குண்டோ தசையில் பட்டதும் விரிந்து, குறுகிய தூரத்தில் தன் ஆற்றலைக் கொட்டிவிடும். 1890களின் கடைசியில் கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச்சாலையில் இப்படி ஒரு குண்டு செய்யப்பட்டது. 1899இல் ஹேக் மாநாடு போரில் விரியும் குண்டுகளுக்குத் தடை விதித்தது. வேட்டையில் விதி நேர்மாறாகப் போனது. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம் மென்மூக்கு அல்லது குழிமூக்குக் குண்டைக் கட்டாயமாக்குகிறது. பெரிய மான்களுக்கு 6.1 மி.மீ. அளவும் சுமார் 2,300 ஜூல் ஆற்றலும் குறைந்தபட்சத் தகுதி. போரில் அந்தக் குண்டு தேவைக்கு மேற்பட்ட கொடுமை. விலங்கிடமோ விரைவான சாவே கருணை.

ஈயத்துக்கு ஒரு பின்விளைவு உண்டு. நொறுங்கிய துகள்கள் கழிவில் தங்கி, அதைத் தின்னும் கழுகினத்தைக் கொல்கின்றன. கலிபோர்னியா தன் காண்டர் பறவைகளுக்காக 2019 முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவை முழுதும் விலக்கியது. அங்கே இப்போது செம்புக் குண்டுகள் புழங்குகின்றன.

மூன்று தோட்டாவுமே இங்கிலாந்து மான் சட்டத்தின் தகுதியைத் தாண்டுகின்றன. 100 கிலோவுக்குள் நிற்கும் புள்ளிமானுக்கு .275 தாராளம். 200 கிலோவைத் தாண்டும் மிளாக் கடாவுக்கோ, தோள்பட்டையில் தடித்த தோல் கொண்ட ஆண்பன்றிக்கோ ஆழமாக இறங்கும் கனத்த .315 குண்டு பொருந்தும். காட்டில் இந்தக் கணக்கு போதும்.

குறி தப்பினால்

வயல்வெளியில் குறி தப்பிய குண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மேல்நோக்கிச் சுட்ட .30-06 குண்டு 3 கி.மீ.க்கும் அப்பால் போய் விழக்கூடும். கடலூர் மாவட்டச் சமவெளியில் அவ்வளவு தூரத்துக்குள் ஓர் ஊராவது இல்லாத திசை அரிது. கரும்போ முந்திரிக் கிளையோ ரைஃபிள் குண்டை நிறுத்தாது. அதனால் கேரளத்தில் பலர் நம்புவது 12 போர் இரட்டைக்குழலை. அதன் பெரிய ரவைகள் 30, 40 மீட்டருக்குள்தான் நம்பகமானவை. உருண்டையான ஈயம் காற்றில் வேகத்தை விரைவாக இழப்பதால் சில நூறு மீட்டரில் வலுவிழந்துவிடும். காட்டில் குறையாகத் தோன்றுவது ஊர் ஓரத்தில் பாதுகாப்பு.

ரைஃபிள்தான் வேண்டும் என்றால் அதைப் பாதுகாப்பாக்குவது வடிவியல். தரையில் நின்று, 1.5 மீட்டர் உயரத்திலிருந்து, 40 மீட்டர் தள்ளி நிற்கும் பன்றியின் அரை மீட்டர் உயரத்தில் சுடுவதாக வையுங்கள். ஊடுருவிய குண்டு பன்றிக்குப் பின்னால் 20 மீட்டர் போய்த்தான் மண்ணைத் தொடும். அதுவும் ஒன்றரை டிகிரிச் சாய்வில். கல்லோ காய்ந்த மண்ணோ பட்டால் தெறித்து மேலெழும். அதே ஆள் 4 மீட்டர் உயரப் பரணில் இருந்து சுட்டால் குண்டு 6 மீட்டருக்குள் தரையைத் தொடும், சாய்வும் 5 டிகிரியாகும். பன்றி 20 மீட்டரில் வரும்வரை பொறுத்தால் சாய்வு 10 டிகிரி; 3 மீட்டருக்குள் குண்டு மண்ணைத் தொடும்.

எந்தத் தோட்டாவை மாற்றினாலும் இந்த அளவு மாற்றம் கிடைக்காது. .275க்கும் .315க்கும் இடையில் விடியவிடிய வாதாடலாம். பரணின் உயரமும் விலங்கு நெருங்கும்வரை விசையைத் தொடாத விரலும் அந்த வாதத்துக்கு முன்பே முடிவாக வேண்டியவை. வேட்டைக் காலத்து நூல்கள் ‘எதை வீழ்த்தும்?’ என்று கேட்டுத் தோட்டாவை எடுக்கச் சொன்னன. ஊருக்குள் வந்துவிட்ட பன்றியைச் சுடப்போகும் ஊழியர் ‘எங்கே நிற்கும்?’ என்று கேட்டபின்தான் துப்பாக்கியைக் கையில் எடுக்க வேண்டும்.