ஒற்றைக் கையால் இறங்குகிறதா உங்கள் பிரஸ்?

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் மூடியைத் திறந்தால் டிரம் நின்றுவிடும். ஒருநாள் அந்த மூடி சுவிட்ச் பழுதாக, வந்த மெக்கானிக் இரண்டு வயரை முறுக்கிவிட்டு, ''இனிமே தொந்தரவே இல்ல சார்'' என்றார். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். தப்புதான்!

இதே வேலையை ஒரு பவர் பிரஸ்ஸில் செய்தால் விரல் போகும். டன் கணக்கான விசையோடு இறங்கித் தகட்டை வெட்டும் இயந்திரம் அது. ஒரு ஷிப்ட்டில் நூற்றுக்கணக்கான தடவை தொழிலாளியின் கை அதற்குள் போய் வரும்.

அப்படியானால், அதன் பாதுகாப்பு அமைப்பு எவ்வளவு நம்பகமாக இருக்க வேண்டும்? ஐ.எஸ்.ஓ. 13849 என்ற சர்வதேசத் தரநிலை மூன்று கேள்விகள் கேட்கிறது. அடிபட்டால் ஆறுமா, ஆறாதா? ஆபத்துக்குப் பக்கத்தில் எத்தனை முறை போகிறார்கள்? கடைசி நொடியில் தப்பிக்க வழி உண்டா? பதில்களை வைத்து 'ஏ' முதல் 'இ' வரை ஐந்து படிகள். கையால் தகடு வைக்கும் பிரஸ்ஸுக்கு மூன்று பதிலுமே மோசம். எனவே, கடைசிப் படியான 'இ'.

'இ' என்றால், பாதுகாப்பு அமைப்பு ஆபத்தான விதத்தில் பழுதாவது சராசரியாக ஒரு கோடி மணி நேரத்துக்கு ஒருமுறைக்கும் குறைவாக இருக்க வேண்டும். ஆயிரம் பிரஸ்கள் ஆண்டு முழுக்க இரவு பகலாக ஓடினாலும், அப்படிப்பட்ட பழுது சராசரியாக ஒன்றுக்கும் குறைவாகவே இருக்க வேண்டும்.

விலை உயர்ந்த பட்டன் ஒன்றை வாங்கி மாட்டினால் இது கிடைத்துவிடாது. எந்த சுவிட்ச்சும் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எல்லாம் இரட்டையாக, ஒன்றை ஒன்று கண்காணிக்கும்படி அமைக்கிறார்கள். இரு கை பட்டன்களையும் அரை நொடி இடைவெளிக்குள் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். ஒரு பட்டனைக் கயிற்றால் கட்டி வைத்தால் இறங்காது.

ஆனாலும் கட்டுகிறார்கள். பீஸ் கணக்கில் கூலி என்றால், வேகம்தானே சோறு? தொழிலாளியின் அலட்சியம் என்று முதலாளி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லியிருந்தது.

உங்கள் வீட்டில் யாராவது பிரஸ் ஓட்டுகிறார்களா? ஷிப்ட் தொடங்கும்போது, தகடு வைக்காமல், ஒற்றைப் பட்டனை மட்டும் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிரஸ் இறங்கினால், சரிசெய்யும்வரை அதில் உட்காரவே கூடாது.