பக்கெட்டைக் கவிழ்த்தாச்சா பாஸ்?

காலை ஆறரை மணி. ஸ்டடி ஹாலிடேஸ். வெளியே நசநசன்னு தூறல். போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கிட்டு, 'இன்னும் அஞ்சே அஞ்சு நிமிஷம்'னு நீங்க புரண்டு படுக்கிறீங்க. கொல்லைப்பக்கம் வாளி உருளுற சத்தம். கூடவே அம்மாவின் குரல்... "தொட்டியைத் தேய்ச்சுக் கழுவணும், யாராவது கொஞ்சம் வாங்களேன்!"

"எக்ஸாம் இருக்கும்மா..." போர்வைக்குள்ளே இருந்தே பதில் போகுது. சத்தம் அடங்கிடுது. அம்மா தனியா தேய்ச்சுக்கறாங்க.

இந்த ஸீன் உங்க வீட்லயும் உண்டுதானே? மழுப்பாதீங்க! எங்க வீட்டிலும் இதேதான் நடந்தது. காலேஜ் ரெண்டாவது வருஷம், ஒரு நீல பக்கெட் வந்து என் மண்டையில் தட்டுற வரைக்கும்!

நம்ம ஊருக்கு ஏது வின்டர்?

'நம்ம ஊர்ல ரெண்டே சீஸன்தான். வெயில், ரொம்ப வெயில்'னு ஜோக் அடிக்கிறோம். ஆனா, நம்ம முன்னோர்கள் வருஷத்தை அழகா ஆறு பருவமாப் பிரிச்சு வெச்சிருந்தாங்க. அதுல ஐப்பசியும் கார்த்திகையும் 'கூதிர்'. மார்கழியும் தையும் 'முன்பனி'. கூதிர்னா சும்மா மழை இல்லை. மழையோட வாடைக்காத்தும் சேர்ந்து உடம்பைச் சிலிர்க்க வைக்கிற காலம்.

அக்டோபர்ல ஆரம்பிச்சு டிசம்பர் வரைக்கும் வடகிழக்குப் பருவமழை. வருஷம் முழுக்க தமிழ்நாட்டுக்குக் கிடைக்கிற மழையில் ஏறக்குறைய பாதி இந்த மூணு மாசத்துலதான் கொட்டுது. டிசம்பர் 16-ஐ ஒட்டி மார்கழி பிறக்கும். மழை மெள்ள விலகும். மேகம் என்பது பூமிக்கு ஒரு போர்வை மாதிரி. வானம் வெளுத்து அந்தப் போர்வை விலகிட்டா, பகல்ல தரை வாங்கி வெச்ச சூடெல்லாம் ராத்திரியில் மேலே பறந்துடும். டிசம்பர் 21, 22-ல் ராத்திரியோட நீளமும் அதிகம். அதனாலதான் விடியற்காலையில் பைக் சீட் எல்லாம் பனியில் நனைஞ்சு கிடக்குது.

கூதிர் போய் முன்பனி வர்ற இந்த ஆறேழு வாரத்துலதான் பல காலேஜ்ல நமக்கு செமஸ்டர். வீட்லயோ, வருஷத்துலயே வேலை குவியற நேரமும் இதுதான். நாம புத்தகத்தைப் பார்க்குறோம். வீடு எப்படி ஓடுதுன்னு பார்க்குறதே இல்லை!

நீல பக்கெட்டுக்குள் ஒரு வில்லன்

என் கதைக்கு வர்றேன். எங்க ஹாஸ்டல்ல தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். அதனால ரூம் மூலையில் எப்பவும் ஒரு நீல பக்கெட் நிறைய தண்ணி. மழைக்காலம் வந்ததும் குழாய்ல தினமும் தண்ணி. பக்கெட்டை மறந்துட்டோம். வாரக்கணக்கா அது அப்படியே இருந்தது.

நவம்பர் நடுவுல என் ரூம்மேட்டுக்குக் காய்ச்சல். ஆள் சாதாரண ஆள் இல்லை, டிபார்ட்மென்ட் டீமின் ஃபாஸ்ட் பௌலர். மெடிக்கல் ஷாப்புல மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டான். நாலாவது நாள் காய்ச்சல் விட்டுடுச்சு. "சரியாயிடுச்சு மச்சி"ன்னு நோட்ஸை எடுத்துக்கிட்டு லைப்ரரிக்குப் போனான். அன்னிக்கு ராத்திரியே தாங்க முடியாத வயித்து வலி, வாந்தி. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டெங்கு!

பையன் பிழைச்சுட்டான். ஆனா மூணு பேப்பர் போச்சு. அடுத்த செமஸ்டர்ல எழுதி க்ளியர் பண்ணிட்டான்தான். ஆனாலும் 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்'ங்கிற அந்த ஒரு வரி, ஃபைனல் இயர்ல ரெண்டு கம்பெனி இன்டர்வியூவில் அவனை வாசலோடவே திருப்பி அனுப்பிடுச்சு.

அவன் ஆஸ்பத்திரியில் இருந்தப்போ ஹாஸ்டலுக்கு சுகாதாரப் பணியாளர் ஒருத்தர் வந்தார். நேரா எங்க நீல பக்கெட்டுக்குள்ள டார்ச் அடிச்சார். "பாருங்க தம்பி"ன்னார். குட்டிக்குட்டியா புழுக்கள் நெளிஞ்சு நெளிஞ்சு நீந்திக்கிட்டு இருந்தது. "இது சாக்கடைக் கொசு இல்லே. நல்ல தண்ணிக் கொசு. நீங்களே வளர்த்து வெச்சிருக்கீங்க!"

அந்த பக்கெட் கொசுதான் அவனைக் கடிச்சதான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா, 'இல்லை'ன்னு சொல்லவும் எனக்கு வாய் வரலை. அன்னிக்கு வீட்டுக்கு போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏன்டா, வாரத்துக்கு ஒரு தடவை பக்கெட்டைத் தேய்ச்சுக் கவிழ்க்க மாட்டீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை தோறும் காதுல விழுந்த அந்த வாளிச் சத்தத்துக்கு அர்த்தம் அப்பதான் புரிஞ்சுது!

ஞாயிற்றுக்கிழமை... அரை மணி நேரம்!

அதென்ன வாரத்துக்கு ஒரு தடவை கணக்கு? டெங்குவைப் பரப்புற ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து பறக்குற கொசுவாக ஏழு முதல் பத்து நாள் வரை ஆகும். அதுக்குள்ள தண்ணியைக் கொட்டிட்டா ஆட்டம் க்ளோஸ்!

ஆனா, கொட்டினா மட்டும் பத்தாது. இந்தக் கொசு பாத்திரத்தோட உள் சுவர்ல, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணி வத்தினாலும் அந்த முட்டை மாசக்கணக்கில் சாகாம இருக்கும். மறுபடி தண்ணி பட்டதும் பொரிஞ்சுடும். அதனாலதான் நாரைப் போட்டு 'வரட் வரட்'டுனு தேய்க்கணும். உங்க அம்மா தேய்ச்சது பாசியை மட்டும் இல்லை, புரியுதா?

எங்கெல்லாம் பார்க்கணும்? பக்கெட், தொட்டி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி இருக்குற தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வெச்ச தட்டு, மாடியில் கிடக்குற டயர், தேங்காய்ச் சிரட்டை. இன்னொண்ணு... கார்த்திகை தீபத்துக்கு மொட்டை மாடி சுவர்ல வரிசையா வெச்ச அகல் விளக்குகள்! ஏத்தும்போது செல்ஃபி எடுத்தது ஞாபகம் இருக்கும். எடுத்து உள்ளே வெச்சது யாருன்னு ஞாபகம் இருக்கா? மறந்து விட்டுட்டா, அடுத்த மழையில் ஒவ்வொரு அகலும் ஒரு குட்டிக் குளம்!

இந்தக் கொசு பகல்லதான் கடிக்கும். முக்கியமா காலையிலயும் பொழுது சாயுற நேரத்துலயும். அப்படியும் காய்ச்சல் வந்துட்டா நீங்களே டாக்டர் ஆகாதீங்க. டெங்குவா இருந்தா ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் ரத்தக் கசிவை அதிகமாக்கிடும். 'காய்ச்சல் விட்டாச்சு, தப்பிச்சோம்'னு நினைக்கிற அந்த ரெண்டு நாள்தான் உண்மையில் உஷாரா இருக்க வேண்டிய நாள். கடுமையான வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், அசதி... இதுல எது வந்தாலும் ஒரு நிமிஷம்கூட யோசிக்காம ஆஸ்பத்திரி. என் ரூம்மேட் லைப்ரரிக்குப் போனதுதான் தப்பு.

துணி காயலையா?

ஜீன்ஸ் காய மூணு நாள். அப்புறமும் ஒரு மாதிரி வாடை. 'என்னம்மா துவைச்சே?'ன்னு கேட்பீங்க! சோப்புல குறை இல்லை சார். துணி ரொம்ப நேரம் ஈரமாவே இருந்தா அதுல பாக்டீரியா பெருகுது. அந்த வாடைதான் அது. நல்லாப் பிழிஞ்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இடைவெளி விட்டு, ஃபேனுக்குக் கீழே போடுங்க. ஜீன்ஸை உள்பக்கம் வெளியே திருப்பிப் போடுங்க. முக்கால்வாசி காய்ஞ்சதும் அயர்ன் பண்ணிடுங்க.

முக்கியமான விஷயம், கொடி! வீட்ல இரும்புக் கம்பியில் கொடி கட்டியிருந்தா முதல்ல அதை அவிழ்க்கச் சொல்லுங்க. மழைக்காலத்துல மின்சார ஒயர் எங்கேயாவது அந்தக் கம்பியில் உரசிட்டா, ஈரத்துணியைப் போடப் போறவங்க உயிருக்கே ஆபத்து. துணி காயப் போடுறது பெரும்பாலும் யாரு? யோசிங்க. நைலான் கயிறு ஒண்ணு வாங்கி நீங்களே கட்டிக் கொடுங்க. விலை ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் கம்மிதான்!

ஃப்யூச்சர் எந்த அலமாரியில்?

உங்க பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட் இப்போ எங்கே இருக்கு? 'பீரோவுல... கீழ்த்தட்டுல...' அங்கேதான் தப்பு பண்றீங்க! 2015 டிசம்பர்ல சென்னை மூழ்கினப்போ நிறைய பேர் பறிகொடுத்தது சான்றிதழ்களைத்தான். நகல் கொடுக்கறதுக்காகவே அரசாங்கம் சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டி வந்தது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் சென்னையை மறுபடி மிதக்க வெச்சது. அதே மாசம் தென் மாவட்டங்கள்ல வெள்ளம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை!

அரை மணி நேர வேலைதான். சான்றிதழ், ரேஷன் கார்டு, பத்திரம் எல்லாத்தையும் தண்ணி புகாத கவர்ல போட்டு மேல் தட்டுக்கு ஏத்துங்க. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வையுங்க. டிஜிலாக்கர்ல கிடைக்கிறதை அதுல ஏத்திக்குங்க. போன்ல இந்த வேலையை வீட்ல உங்களைவிட வேகமா யாரு செய்ய முடியும்?

மார்கழி கிச்சன்

மழை ஓய்ஞ்சதும் குளிர் கிச்சனுக்குள்ள வந்துடும். சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனா தேங்காய் எண்ணெய் உறைஞ்சு பாட்டிலோட ஒட்டிக்கும். ஆனா உறைய வேண்டிய தயிர் உறையாது! இட்லி மாவு பொங்காது. காரணம் ஒண்ணேதான். மாவையும் பாலையும் புளிக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்குக் குளிர்ல வேகம் குறைஞ்சுடும்.

அதுக்காக உங்க தட்டுல இட்லி வராம இருந்ததா? கெட்டியாத்தான் இருந்ததா? இல்லையே! எப்படி? மார்கழியில் அம்மா மாவை சீக்கிரமே அரைச்சுடறாங்க. அடுப்புப் பக்கத்துல கதகதப்பா வைக்கிறாங்க. உறை மோரைக் கூடுதலா விட்டு, பாத்திரத்தைத் துணியில் சுத்தி வைக்கிறாங்க. பருவம் மாறினது உங்களுக்குத் தெரியாமப் போனதுக்குக் காரணமே, அந்த மாற்றத்தை இன்னொருத்தர் வாங்கிக்கிட்டதுதான்!

ஹாஸ்டல்வாசிகளுக்கு ஒரு வார்த்தை. வெந்நீருக்காக ஹீட்டர் ராடு போடுறீங்களா? முதல்ல ராடு தண்ணிக்குள்ள, அப்புறம்தான் ஸ்விட்ச். எடுக்கும்போது ஸ்விட்சை அணைச்சு, பிளக்கையும் பிடுங்கிட்டு அப்புறம்தான் தண்ணியைத் தொடணும். 'சூடாயிடுச்சா'ன்னு விரலை விட்டுப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம். இரும்பு வாளியில் போடவே கூடாது.

ஒரே ஒரு வேலை!

'இவ்வளவும் செஞ்சா எப்போ படிக்கிறது?'ன்னு நீங்க கேட்கிறது காதுல விழுது. எல்லாத்தையும் செய்ய வேண்டாம் பாஸ். ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க. ஆனா, அது உங்க வேலைன்னு ஆயிடணும். யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது. 'ஹெல்ப் பண்றேன்'னு சொல்லாதீங்க. உங்க வீட்ல உங்க வேலையைச் செய்றதுக்குப் பேரு ஹெல்ப்பா என்ன?

நான் எடுத்துக்கிட்டது தண்ணித் தொட்டி. அந்த வருஷம் பொங்கல் லீவுக்குப் போனப்போ, சொல்லாமலே ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டிக்குள்ள இறங்கித் தேய்ச்சேன். அம்மா வந்து எட்டிப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த மூலையை விட்டுட்டே பாரு"ன்னாங்க. அவ்வளவுதான்! பாராட்டு எல்லாம் எதிர்பார்க்காதீங்க, ஓகே?

வர்ற ஞாயிறு காலை, ஏழு மணி. போர்வையை உதறுங்க. முதல்ல அந்த பக்கெட்டைக் கவிழுங்க. அப்புறம் புத்தகத்தைத் திறங்க!