தீக்குச்சியின் பெயரில் ஒரு திரி

எம். புதுப்பட்டி, சிவகாசி வட்டாரங்களில் 'மேட்ச் ஒர்க்ஸ்' என்னும் பெயர்ப்பலகையைக் காணாதார் இலர். நெசவும் பயிர்த்தொழிலும் புரியும் நம் அங்கத்தினர்கள், அச்சொல்லுக்கும் தமக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என எண்ணக்கூடும். அதன் பிறப்பை ஆராய்ந்தால் தொடர்பு விளங்கும்.

இன்று தீக்குச்சியைக் குறிக்கும் 'மேட்ச்' என்னும் ஆங்கிலச் சொல், முற்காலத்தில் விளக்குத் திரியையே குறித்தது. ஆங்கிலேயர் அதனைப் பழைய பிரெஞ்சு மொழியினின்று பெற்றனர். பிரெஞ்சில் 'மெஷ்' என்பதற்கு இன்றும் திரி என்பதே பொருள். அதற்கு மூலம் இலத்தீனில் வழங்கிய 'மிக்ஸா' என்றும், இலத்தீனுக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்ததென்றும் அறிஞர் பலர் கருதுவர். கிரேக்கத்தில் அச்சொல் மூக்குச் சளியையும், திரி வெளிப்படும் விளக்கின் மூக்கையும் குறித்தது. நாமும் கெண்டிக்கு மூக்கு உண்டு என்கிறோம் அல்லவா?

திரி குச்சியானது எவ்வாறு? பழைய துப்பாக்கிகளுக்கு நெருப்பு வைக்க, வெடியுப்பு நீரில் தோய்த்து உலர்த்திய கயிறு பயன்பட்டது. மெல்லக் கனலும் அக்கயிற்றுக்கும் 'மேட்ச்' என்றே பெயர். பின்னர்க் கந்தகம் தோய்த்த குச்சிக்கும் அப்பெயர் சென்றது. 1827ஆம் ஆண்டு ஜான் வாக்கர் என்னும் மருந்து வணிகர், உரசினால் பற்றும் குச்சியை இங்கிலாந்தில் விற்கத் தொடங்கினார். குச்சி புதிதாயினும் பெயர் பழையதே. விளையாட்டுப் போட்டியைக் குறிக்கும் 'மேட்ச்' வேறு. அது 'இணை' எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது.

1922ஆம் ஆண்டு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். 1923இல் அதனைச் சிவகாசியில் நிறுவினர். நம் மக்கள் தீக்குச்சி, தீப்பெட்டி என்று வழங்க, பெயர்ப்பலகைகளில் மட்டும் ஆங்கிலச் சொல் இடம்பெற்றது.

எனினும் அச்சொல்லின் பழம்பொருள் மறையவில்லை. கருமருந்து பூசிய பருத்தி நூல் திரியைப் பட்டாசுத் தொழிலார் ஆங்கிலத்தில் இன்றும் 'பிளாக் மேட்ச்' என்றே கூறுவர். உழவர் விளைத்த பஞ்சு நூலாகி, நூல் திரியாகி, நெருப்பை ஏந்துகிறது. திரி ஒரே சீராக எரிந்தால்தான், பற்றவைப்பவர் விலகிச் செல்லப் பொழுது வாய்க்கும். சில விரற்கடை நூலை நம்பி ஓர் உயிர் நிற்கிறது.

ஆதலின், அங்கத்தினர்களே, நயமான பஞ்சும் முறுக்குக் குன்றாத நூலும் நல்ல விலைக்காக மட்டும் வேண்டப்படுவன அல்ல. நம் கைச்சரக்கு எங்குச் சென்று யாரைக் காக்கும் என்பதை நாம் அறியோம்.