ஒரு வேளை மாத்திரை



கொல்லிமலையில் காசநோய்க்கு மருந்து உட்கொண்டுவந்த ஒரு பெரியவரின் வீட்டிற்கு மூன்று முறை சென்று ஜெபித்திருக்கிறேன். மூன்றாம் முறைதான் அவருடைய மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பதினொரு நாள் மாத்திரைகள் அப்படியே இருந்தன.

"மறந்துவிட்டீர்களா ஐயா?" என்றேன்.

"மறக்கலைங்க ஐயா. சாப்பிட்டுட்டுத்தான் போடணும்னாங்க. காலையில காட்டுக்குப் போறப்ப சாப்பிட ஒண்ணும் இருக்காதுங்க" என்றார்.

இம்மாத்திரைகளை வெறும் வயிற்றிலும் உட்கொள்ளலாம். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் மட்டுமே சிறிது ஆகாரத்துடன் தருவார்கள். இதை அவருக்கு எவரும் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வேளை தவறினால் என்ன கேடு? சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை உண்டு. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின்பு நான்கு மாதம் மூன்று மருந்துகள். சில வாரங்களிலேயே இருமல் குறையும், பசி எடுக்கும். ஆனால் கிருமிகள் முற்றிலும் அழிந்திருக்காது. மருந்து விட்டுவிட்டுச் சென்றால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பிழைத்துப் பெருகும். பின்பு அதே மருந்து பலிக்காது. அந்தக் கடின நோய் வீட்டாருக்கும் பரவக்கூடும்.

இந்தப் பாடத்தை உலகத்திற்குக் கற்பித்ததில் நம் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. 1956-ல் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம், மருத்துவ விடுதியில் சேராமல் வீட்டிலிருந்தபடியே நோயாளிகள் குணமடைய முடியும் என்று நிரூபித்தது. ஆனால் அங்கிருந்த ஊழியர்கள் மாத்திரை கொடுத்ததோடு நிற்கவில்லை. முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள்; சிறுநீரையும் சோதித்தார்கள். கண்முன்பாக மருந்து கொடுக்கும் முறை இவ்விதமாகவே வளர்ந்தது. 1997 முதல் அது தேசியத் திட்டமாகவும் விரிந்தது.

காசநோய்க்கு மட்டுமல்ல, வலிப்பு, இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கும் வேளை தவறாமை முக்கியம். உங்கள் வீட்டிலோ முதியோர் இல்லத்திலோ பெரியவர்களைப் பராமரிக்கிறீர்களா? மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். விழுங்கும்வரை அருகில் இருங்கள். கொடுத்தவுடனே குறித்து வையுங்கள். முன்கூட்டியே குறிக்க வேண்டாம். ஒரு வேளை தவறினால், மறு வேளைக்கு நீங்களாகவே இரட்டிப்பாகக் கொடுக்காமல் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, கடிந்துகொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள்.

அந்தப் பெரியவர் அன்றே செவிலியரிடம் நடந்ததைச் சொன்னார். மருத்துவரின் ஆலோசனைப்படி சிகிச்சை தொடர்ந்தது. இப்பொழுதெல்லாம் எந்த வீட்டிற்குச் சென்றாலும், ஜெபிக்குமுன் மாத்திரை அட்டையைக் கேட்டுப் பார்க்கிறேன்.