விளக்கெண்ணெய் போய் லிப்போ வந்தது

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதல் விமானம் சோளத்தட்டையில்தான். மேல்தோலைச் சீவி ஊசியாக்கி, உள்ளிருக்கும் நெட்டியைத் துண்டு துண்டாக நறுக்கிக் கோத்தால் இறக்கை வந்துவிடும், வாலும் வந்துவிடும். பறக்க மட்டும் பறக்காது. கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் ஓடினால் ஓடுகிறவன்தான் விமானம். அந்த நெட்டியைப் போலவே எடையில்லாத மரம் ஒன்று தென்னமெரிக்காவில் வளர்கிறது, அதன் பெயர் பால்சா, உலகத்து மாதிரி விமானங்கள் வெகுகாலம் அதில்தான் செய்யப்பட்டன என்பதெல்லாம் பெரம்பலூர், அரியலூர் கரிசலில் யாருக்குத் தெரியும்?

தெரிந்திருந்தாலும் பயனில்லை. அன்று பால்சா வேண்டுமென்றால் கல்கத்தாவின் இந்தியாஸ் ஹாபி சென்டர் போன்ற கடைகளைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்திருக்க வேண்டும். மரம் கிடைத்து, மாதக்கணக்கில் அறுத்து ஒட்டி, மெல்லிய தாள் போர்த்தி முடித்தால் அடுத்து இன்ஜின். அது குடிப்பது மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருள். விளக்கெண்ணெய் நம் ஊரில் எந்த வீட்டு அடுக்களையிலும் கிடைக்கும். மெத்தனால் சும்மா கிடைக்கிற சரக்கல்ல. புரொப்பெல்லரை விரலால் சுண்டித்தான் கிளப்ப வேண்டும். விரலில் வெட்டுத் தழும்பு இல்லாத பழைய ஆள் அபூர்வம்.

அதற்கும் மேலே ரேடியோ. 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி கம்பியில்லாக் கருவி வைத்திருக்கவே உரிமம் வேண்டியிருந்தது. கையில் பிடிக்கும் பெட்டியில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும். ஒரே அலைவரிசையில் இன்னொருவர் பெட்டியைப் போட்டுவிட்டால் உங்கள் விமானம் யார் பேச்சையும் கேட்காமல் தரையைப் பார்க்கும். இத்தனையையும் தாண்ட ஒரு கிளப்பும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் தேவைப்பட்டதால், இந்தப் பொழுதுபோக்கு பெருநகரங்களைத் தாண்டி வரவே இல்லை. பரந்த வெளி இங்கே கிடந்தது, பறக்கவிட ஒன்றுமில்லை.

இந்த நிலையை மாற்றிய மின்சார விமானம் நேற்று வந்ததில்லை. 1957 ஜூனிலேயே இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின், வெள்ளி-துத்தநாக பேட்டரி பூட்டிய ‘ரேடியோ குயின்’ என்ற விமானத்தைப் பறக்கவிட்டுவிட்டார். ஆனால் பேட்டரியின் கனம் பல ஆண்டுகள் விமானத்தைப் பிடித்து இழுத்தது. நிக்கல் காட்மியம் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான். செல்போன்களோடு வளர்ந்த லித்தியம் பாலிமர் வகை, சுருக்கமாக லிப்போ, செல் ஒன்றுக்கு 3.7 வோல்ட் கொடுத்தது, எடையும் பாதிக்குக் கீழே. கரிப் பிரஷ் இல்லாத மோட்டாரும் சேர்ந்துகொள்ள, இன்ஜின்காரர்கள் பொம்மை என்று சிரித்த ஜாதி வானத்தைப் பிடித்துக்கொண்டது. 2005இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று இந்திய அரசு விலக்களித்தது. எந்த அலைவரிசை யாருடையது என்ற சண்டையும் அதோடு ஓய்ந்தது. இந்தப் பட்டையில் ஒவ்வொரு பெட்டியும் தன் விமானத்தோடு மட்டும்தான் பேசும்.

இன்று மோட்டார், மடல்களை அசைக்கும் ஒன்பது கிராம் சர்வோ, பேட்டரி எல்லாம் கூரியரில் பெரம்பலூர் வந்து இறங்குகின்றன. உடம்புக்கு விளம்பரப் பலகை செய்கிற சன்பேக் ஷீட் போதும், தெர்மோகோலும் ஆகும். உடைந்தால் பசைத் துப்பாக்கி. முன்பு மூன்று மாத உழைப்பு மூன்று நொடியில் நொறுங்கும்; இப்போது சாயங்காலத்துக்குள் ஒட்டிவிடலாம். இந்த ஒரு மாற்றம்தான், என் கணக்கில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. விழுந்துவிடுமோ என்ற பயம் இருக்கிறவரை யாருக்கும் பறக்கவிட வராது.

மாறாதது பறக்கவிடும் வித்தை. தொடங்குகிறவருக்கு உடலின் மேல் இறக்கை வைத்த, மெதுவாகப் போகும் பயிற்சி விமானமே நல்லது. போர் விமான வடிவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். எடை நிற்கும் புள்ளி, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இருக்க வேண்டும். வால் கனத்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு விழும். எறிவது எப்போதும் காற்றுக்கு எதிரே. எல்லோரும் தடுமாறுவது ஓரிடத்தில்தான்: விமானம் நம்மை நோக்கித் திரும்பி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். அப்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகப் பெட்டியின் குச்சியைத் தள்ளினால் நிமிர்ந்துவிடும், முட்டுக்கொடுக்கிற மாதிரி. லிப்போ பேட்டரியை மட்டும் விளையாட்டாக எண்ண வேண்டாம், செல் 4.2 வோல்ட்டைத் தாண்டினாலோ அடிபட்டு உப்பினாலோ தீப்பிடிக்கலாம். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அதை விட்டுவைப்பதும் அறிவீனம்.

இடத்துக்கு வருவோம். ஆடிக் காற்று புதியவருக்கு ஆகாது. தையில் அறுப்பு முடிந்த காடும் விடிகாலையும் வாகானவை. மனை விற்காமல் தார்ச்சாலை மட்டும் போட்டு வைத்திருக்கும் பிளாட்டுகள் ஓடுபாதைக்கென்றே செய்தவை போலிருக்கின்றன. ரியல் எஸ்டேட் செய்த ஒரே தொண்டு. பருத்திக்காட்டில் விழுந்தால் கண்ணில் படும், ஆளுயர மக்காச்சோளத்தில் விழுந்தால் அரைநாள் தேட வேண்டும். 2021 டிரோன் விதிகள் மாதிரி விமானத்துக்கு 25 கிலோ வரை இடம் கொடுக்கின்றன, கண்ணுக்கு எட்டிய தூரத்துக்குள் பறந்தால். தஞ்சாவூர் விமானப்படைத் தளம் அரியலூருக்கு வெகுதூரமில்லை என்பதால் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் முன் அனுமதி தேவையில்லாத பச்சைப் பகுதிதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. பச்சையில் 400 அடி வரை ஏற்றலாம். 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டி ஏரிப் பக்கம் போகவே வேண்டாம். அங்கே பறக்க வருகிறவர்கள் வேறு.

2018இல் இந்தியாவுக்குள் நுழைந்த படைப்புழு, இந்த இரண்டு மாவட்டத்து மக்காச்சோளத்தையும் குருத்தோடு தின்றது. அதன் பிறகு மருந்தடிக்கும் டிரோன் இங்கே பழகிய காட்சியாகிவிட்டது. டிரோன் தானே நிற்கும், கையை எடுத்தாலும் விழாது. விமானம் அப்படியில்லை, அதனாலேயே எனக்கு விமானத்தின் மேல் கூடுதல் மரியாதை. ஆனால் காட்டுக்காரர் கண்ணில் இரண்டும் ஒன்றுதான். சோளத்துக்குள் விழுந்ததைத் தேடிப் போகும் பையனை வரப்பில் நிறுத்திக் கேட்பார்:

“ஏக்கருக்கு எவ்வளவு வாங்குறீங்க தம்பி?”

“இது மருந்தடிக்காது பெரியப்பா. சும்மா பறக்கும்.”

“சும்மாவா?” என்பார். பிறகு அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சோளத்துக்குள் இறங்குவார், தேட.