எட்டு வினாடி லாட்டரி

எங்கள் பகுதியை எம்.கே.பி. நகர் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். மகாகவி பாரதி நகர் என்று விரித்துச் சொல்பவர் குறைவு. பாரதியின் அசல் புகைப்படங்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். அவர் எங்கள் தெருவில் நடந்துவந்து டீக்கடையோரம் நிற்பதாக, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு ஒரு துண்டுப் படம் செய்யலாமென ஓர் இரவு உட்கார்ந்தேன். தலைப்பாகை சரியாக வந்தது, கையில் ஆறு விரல். அடுத்ததில் விரல் சரி, மீசை கலைந்துபோனது. 'இன்னொரு தபா' என்று சொல்லிச் சொல்லியே மணி மூன்றாகிவிட்டது. இப்படிப் பதினோரு இரவுகள். இதழுக்கு ஒப்புக்கொண்ட கட்டுரை எழுதப்படவேயில்லை.

குறுவீடியோ போதை பற்றிய நமது விவாதங்கள் பெரும்பாலும் பார்ப்பவனைப் பற்றியவை. 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக் தரவிறக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தபோதும், சிறுவர்கள் எதைக் காண்கிறார்கள் என்பதே முதன்மைக் கவலையாக இருந்தது. அதே மாதம் அத்தடை விலக்கப்பட்டது. 2020 ஜூனில் மத்திய அரசு அச்செயலியையே தடைசெய்தது. இப்போது போதை, செய்பவனிடம் இடம்மாறியிருக்கிறது.

இதன் இயங்குமுறை எளியது. கூகுள் 2025 மே மாதம் வெளியிட்ட 'வியோ 3', எழுதிக்கொடுத்த வாக்கியத்திலிருந்து எட்டு வினாடிப் படத்தை ஒலியோடு தந்தது. இவ்வகை எந்திரங்கள் ஒவ்வொரு முறையும் தற்செயலான புள்ளிக் குழப்பம் ஒன்றிலிருந்து பிம்பத்தைத் திரட்டுகின்றன. ஆகவே அதே வாக்கியத்தைக் கொடுத்தாலும் வேறு படம் வரும். பரிசு எப்போது விழும் என்று தெரியாதபோதுதான் பழக்கம் இறுகுகிறது என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டினார். தமிழகத்தில் 2003இல் லாட்டரி தடைசெய்யப்படும் வரை எங்கள் தெருவுக்கும் இது தெரிந்திருந்தது: 'ஒரு நம்பர்ல போச்சுப்பா' என்றவர்தான் மறுநாளும் சீட்டு வாங்கினார்.

ஆனால் லாட்டரிக்காரருக்குக் குற்றவுணர்வு இருந்தது. எனக்கு இல்லை. 'படைத்துக்கொண்டிருக்கிறேன்' என்ற சொல்லாடல் அதைத் துடைத்துவிட்டது. இலவச வாய்ப்பு தீர்ந்ததும் காசு கட்டினேன், அதுவும் கலைச்செலவுக் கணக்கில்.

கேமரா வாங்க வழியில்லாதவன் கையில் இது ஆயுதமில்லையா என்று தோழர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தேவைக்கு ஒன்று செய்துவிட்டு எழுந்துபோகிறவரைப் பற்றி நான் பேசவில்லை. இதை நோய் என்றும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப்பட்டியலில் கணினி விளையாட்டு அடிமைத்தனம் உண்டு, இது இல்லை. நான் சொல்வது உழைப்பைப் பற்றி. எழுதும்போது பிசகும் வரி, நான் என்ன நினைத்தேன் என்பதையே திருப்பிக் கேட்கிறது. அடித்துத் திருத்துவதில் நானும் கொஞ்சம் மாறுகிறேன். ஆறாவது விரல் என்னிடம் எதையும் கேட்கவில்லை. மறுபடி அழுத்து என்றது, அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் இரவு இதை எழுதினேன். பாரதி இன்னும் எங்கள் தெருவுக்கு வந்துசேரவில்லை. போனை எடுத்து ஒரே ஒரு தபா பார்த்தால் என்ன என்று, இந்த வரியை எழுதும்போதும் கை அரிக்கிறது.